உள்ளே என்ன வேலை?

பிளாஸ்டிக் விமான மாடல்களில் உடற்பகுதி பெரும்பாலும் இடது, வலது என இரண்டு பாதிகளாகத்தான் வரும். அவற்றைச் சேர்த்து ஒட்டுவதற்கு முந்தைய கட்டம்தான் மாடல் கட்டுகிறவருக்குச் சோதனையான கட்டம். விமானியின் இருக்கைக்குப் பின்னால் ரேடியோ பெட்டி, அதிலிருந்து ஓடும் கம்பிகள், ஆக்சிஜன் உருளைகள், வால்வரை போகும் கட்டுப்பாட்டு வடங்கள், சட்டங்கள். இவை அத்தனையையும் செய்து, வர்ணம் பூசி, எண்ணெய்க் கறையும் தேய்மானமும் காட்டிவிட்டுப் பாதிகளைச் சேர்த்தால், செய்தவற்றில் பெரும்பகுதி இனி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் செய்கிறார்கள். அதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. செக் நாட்டு எடுவர்ட் நிறுவனம் அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடுகளில் இருக்கைப் பட்டியையும் அதன் கொக்கியையும்கூடத் தனித்தனியாக விற்கிறது. மினிஆர்ட், ரை ஃபீல்ட், டாக்கோம் போன்ற நிறுவனங்கள் ‘முழு உட்புறம்’ என்று பெட்டியிலேயே அச்சிட்டு டாங்கி கிட்களைக் கொண்டுவருகின்றன. இதை ஒட்டி மாடல் உலகில் இரண்டு கட்சிகள் உண்டு. கண்ணில் படாததைச் செய்வது வீண் வேலை என்பது ஒன்று. பட்டாலும் படாவிட்டாலும் அசலில் இருப்பது மாடலிலும் இருந்தாக வேண்டும் என்பது மற்றது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரு கட்சியும் கண்ணை நடுவில் வைத்துத்தான் வாதாடுகின்றன. தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கேட்க வேண்டியது, அந்த உறுப்புக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான்.

இதற்கு நல்ல சான்று எகிப்தில் கிடைத்தது. 1920இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அகழ்வுக் குழு, ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில், தீப்ஸில் மெக்கெத்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தது. கல்லறை பழங்காலத்திலேயே கொள்ளை போயிருந்தது. ஆனால் நடைவழியின் தரைக்கடியில், திருடர் கண்ணில் படாத ஒரு சிற்றறையில், இருபதுக்கும் மேற்பட்ட மர மாடல்கள் ஏறத்தாழ 4000 ஆண்டுகளாகக் கலையாமல் இருந்தன. தானியக் களஞ்சியம், மாட்டுத் தொழுவம், இறைச்சிக் கூடம், அடுமனை, நெசவுக் கூடம், தச்சுப் பட்டறை, படகுகள். இவை பார்வைக்கு வைக்கச் செய்யப்பட்டவை அல்ல. இறந்தவருக்கு மறுமையிலும் உணவும் துணியும் பயண வசதியும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்து, அடுக்கி, அடைத்து மூடப்பட்டவை. பார்வையாளரை அடியோடு நீக்கிவிட்டால் கைவினைஞர் எதைச் செய்வார், எதை விடுவார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனை கிடைக்காது. தச்சுப் பட்டறை மாடலில் ஒரு பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே செப்பு அலகு வைத்த வாளும் வாய்ச்சியும் உளியும் மாற்றுக் கருவிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. களஞ்சியத்தில் உண்மையான தானியம் கிடந்தது. எழுத்தர்கள் கணக்கெழுதிக் கொண்டிருக்கிறார்கள். தோட்ட மாடலில் குளத்துக்குச் செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள், நிஜமாகவே நீர் நிற்கும்படி. குளத்தைச் சுற்றி மரங்கள், ஒரு பக்கம் வர்ணத் தூண்கள் நிற்கும் முன்மண்டபம். அதன் பின்னால் வீடு இல்லை. கதவு செதுக்கிய சுவரோடு கட்டடம் முடிந்துவிடுகிறது.

மூடிய பெட்டிக்குள் உளி வைத்தவர்கள் வீட்டுக்குள் ஓர் அறைகூட வைக்கவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, சிக்கனம் என்றும் சொல்ல முடியாது. உளி இல்லாவிட்டால் தச்சன் நித்தியத்துக்கும் சும்மா நிற்பான். மெக்கெத்ரேக்குக் குடியிருக்கக் கல்லறையே இருந்தது. அவர் கேட்டது நிழலும் நீரும்தான். மாடல் ஆற்ற வேண்டிய காரியம் எதுவரை போகிறதோ அதுவரை நுணுக்கமும் போயிருக்கிறது, அதற்கு ஓர் அங்குலம் அப்பால் போகவில்லை. பார்க்க யாருமே இல்லாத இடத்தில்தான் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது வேடிக்கை.

பார்க்கப்படுவதற்காகவே செய்தவற்றிலும் இதே கணக்கைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்குச் செய்யப்பட்ட ‘நேவி போர்டு’ மாடல்கள் இத்துறையின் உச்சம் என்று கருதப்படுகின்றன. 1/48 அளவில் செய்யப்பட்ட இவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல், சட்டங்கள் தெரியும்படி உடலைத் திறந்தே விட்டிருப்பார்கள். உட்புறத்தைக் காட்டுவதில் இத்தனை அக்கறையா என்று வியக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டங்கள் அசல் கப்பலின் சட்டங்களைப் போன்றவை அல்ல. அசலில் மரங்கள் நெருக்கமாக, ஒழுங்கு குறைந்து, பல துண்டுகளாக இணைந்திருக்கும். மாடலிலோ அவை கண்ணுக்கினிய வரிசையில், சம இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கும். கப்பலின் வளைவையும் விகிதத்தையும் மிடுக்கையும் காட்டுவதுதான் அந்த மாடலின் வேலை. அதற்கு ஏற்றபடி உட்புறத்தை மாற்றிக்கொள்ள அந்தக் கைவினைஞர்கள் தயங்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் அல்பெர்ட்டி, வர்ணமும் அலங்காரமும் ஏற்றிய கட்டட மாடல்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். எளிய, மொட்டையான மாடலே நல்லது, அதில்தான் வடிவமைத்தவரின் எண்ணம் தெரியும், அலங்கரித்ததில் செய்தவரின் கைத்திறமைதான் தெரியும் என்பது அவர் கட்சி. இந்த விவாதம் பிளாஸ்டிக்கோடு பிறந்ததல்ல.

‘அசலில் இருக்கிறது, ஆகவே இருக்க வேண்டும்’ என்ற வாதத்தில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். வார்ப்பில் வரும் பிளாஸ்டிக் சுவரின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 1/72 அளவில் அது அசலின் 72 மில்லிமீட்டருக்குச் சமம். அசல் போர் விமானத்தின் தோலோ சுமார் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. வெளி அளவு சரியாக இருக்க வேண்டுமென்றால், ஒற்றை ஆள் உட்காரும் அந்த ஒடுங்கிய அறையில் இருபுறமும் சேர்த்துப் பதினான்கு சென்டிமீட்டர் காணாமல் போய்விடுகிறது. அளவு பிசகாமல் செய்த உட்புறம் அளவு பிசகாத வெளிப்புறத்துக்குள் அடங்காது. அடங்க வைக்க வேண்டுமானால் இருக்கையை ஒடுக்க வேண்டும், தரையை உயர்த்த வேண்டும், கருவிப் பலகையின் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். எஞ்சினை முழுமையாகச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேல்மூடி உட்காராது. மூடியின் உள்பக்கத்தை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்குவார்கள், அப்படியும் ஓரத்தில் மயிரிழை இடைவெளி நிற்கும். யாரும் பார்க்காத எஞ்சினுக்காக எல்லோரும் பார்க்கும் மூக்கின் வளைவு கெட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு. மூக்குச் சக்கரம் கொண்ட விமானங்களில், பி-24 குண்டுவீச்சு விமானமோ பி-38 சண்டை விமானமோ, மாடலின் எடை பின்பக்கம் சாய்ந்து வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க முன்பகுதிக்குள் ஈயக் குண்டுகளைத் திணித்தாக வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் ஈயமே இதற்குப் பலரும் எடுப்பது. கம்பி கம்பியாக நுணுக்கம் செய்த அறைக்குப் பின்னால் ஒரு ஈயக்கட்டி பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, உட்புறம் அசலுக்கு உண்மையாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

டாங்கி மாடல்களில் மட்டும் முழு உட்புறம் ஏன் இவ்வளவு செழிக்கிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. டைகர் டாங்கியின் முன்கவசம் 100 மில்லிமீட்டர், மேல் பக்கவாட்டுக் கவசம் 80. 1/35 அளவில் பக்கச் சுவர் 2.3 மில்லிமீட்டர் வரும். பிளாஸ்டிக்குக்கு அது தாராளமான தடிப்பு. ஆகவே உள்ளே குண்டு அடுக்குகளும் பீரங்கியின் பின்புறமும் சரியான அளவில் பொருந்துகின்றன. பொருந்துகிறது என்பதால் வேலை இருக்கிறது என்றாகிவிடாது. கோபுர மூடியைத் திறந்து வைத்தாலும் அந்தச் சிறு துளை வழியாகத் தெரிவது சொற்பம்.

பார்க்கும் தூரத்தையும் அளவு மாற்றுகிறது. 1/72 மாடலை முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது, அசல் விமானத்தை 21.6 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்திலிருந்து கண்ணாடி மூடிய விமானி அறைக்குள் என்ன தெரியும்? தலை சாய்க்கும் மெத்தை, கருவிப் பலகையின் மேல்விளிம்பு, கண்ணாடியில் பிரதிபலிக்கும் வானம். மாடலின் கண்ணாடியும் அளவுக்கு மீறித் தடித்தது, ஆகவே ஓரங்களில் எல்லாம் நெளிந்து தெரியும். போட்டி நடுவர்கள் பேனா டார்ச்சு அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பதுண்டு. அது விமானத்தைப் பார்க்கிற பார்வை இல்லை, வேலையைத் தணிக்கை செய்கிற பார்வை. தணிக்கைக்காகச் செய்வதில் தவறில்லை. ஆனால் அதற்கு அசலின் பெயரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

உட்புறத்துக்கு வேலை வரும் இடங்களும் இருக்கின்றன. ஜப்பானின் ஷிஸுவோகாவில் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியின் மாடலைக் கொண்டுவந்தபோது, அது மோட்டாரில் ஓடும் மாடலாக இருந்தது. பேட்டரிகளும் மோட்டாரும் உள்ளே அடங்க எவ்வளவு அகலம் வேண்டுமோ அந்த அகலத்துக்கு உடலை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அளவு 1/35க்குப் பக்கமாக வந்தது. ஷுன்சாக்கு தமியாவே இதை எழுதி வைத்திருக்கிறார். உலகம் முழுவதும் ராணுவ மாடல்களுக்கு இன்று நிலைத்துவிட்ட அளவை நிர்ணயித்தது, அசல் டாங்கியை ஒருபோதும் ஓட்டியிராத ஒரு பொருள்! அந்த பேட்டரிக்கு வேலை இருந்தது. ஓடுவதுதான் அந்த மாடலின் காரியம். அதே காலத்தில் அமெரிக்காவில் நேர்மாறான ஒன்று நடந்தது. போலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கிய ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ நீர்மூழ்கியின் மாடலை ரெவெல் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. விலை 2 டாலர் 98 சென்ட். பக்கச் சுவரைத் திறந்தால் ஏவுகணைக் குழாய்கள், கட்டுப்பாட்டு அறை, அணு உலைப் பகுதி எல்லாம் வரிசையாகத் தெரியும். கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கிடைக்காத தகவலை ரஷ்யர்கள் மூன்று டாலருக்குள் வாங்கிக்கொள்வார்கள் என்று அமெரிக்க அணுசக்திக் கப்பற்படையின் தந்தை எனப்பட்ட அட்மிரல் ரிக்கோவர் 1961இல் கடிந்துகொண்டார். நீர்மூழ்கியின் வெளிப்புறத்தில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு கறுப்பு உருளை. அதன் விஷயமெல்லாம் உள்ளே. அங்கே உட்புறம்தான் மாடல். ஆகவே அவர்கள் சுவரைத் திறக்கும்படி செய்தார்கள். செய்துவிட்டு மூடி ஒட்டவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். பலமானது தனிமனித மறுப்பு. ‘யாருக்கும் தெரியாவிட்டால் என்ன, உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே’ என்பது மாடல் கட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் பதில். இதை நான் மதிக்கிறேன். வடங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டியவருக்கு அந்த விமானம் எப்படித் திரும்புகிறது என்பது வெளியிலிருந்து படித்தவரைவிட நன்றாகப் புரியும். ஆனால் இது கற்றலுக்கான நியாயம், மாடலுக்கான நியாயம் இல்லை. அந்த அறிவு செய்தவரிடம் தங்கிவிடுகிறது; அலமாரியில் நிற்கும் பொருளில் அதன் சுவடு இல்லை. தவிர, இன்று இந்த வாதம் சொல்லப்படுகிற அளவுக்கு அந்தரங்கமானதும் இல்லை. மூடுவதற்கு முன் பத்து கோணங்களில் படமெடுத்து எல்லோருக்கும் காட்டிய பிறகுதான் மூடுகிறார்கள். அப்படியானால் அந்த உட்புறத்தின் பார்வையாளர் கேமராதான். படைப்பு புகைப்படத்தில் இருக்கிறது, மூடிய மாடல் அதன் உறை. அதுவும் ஒரு கலைதான், பெயரை மாற்றி அழைத்தால் போதும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு மறுப்பு உடனே தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில், பொதுமக்கள் போகாத இடத்தில், 108 கரணங்களில் 81ஐச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, யார் பார்க்க? மறைவில் செய்த வேலைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று சொல்வதற்கு இந்த மாதிரி உதாரணங்களைக் காட்டுவது வழக்கம். அந்தச் சுற்று நடந்து போகக்கூடிய வழி, பசையிட்டு மூடிய அறை இல்லை. அதைவிட முக்கியம், அது கட்டடம், கட்டடத்தின் மாடல் இல்லை. கட்டடத்தின் உட்புறம் தன் உரிமையில் இருக்கிறது. வேறொன்றைக் குறித்து எதையும் சொல்ல வேண்டிய கடமை அதற்குக் கிடையாது. நம் கோயில்களில் மாடலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் விமானத்தின் தளங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூடம், சாலை, பஞ்சரம் ஆகிய சிற்றுருக்களைத்தான் பார்க்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒரு முழுக் கட்டடத்தின் சுருக்கம். மாமல்லபுரத்து ரதங்களில் அவை ஒரே பாறையில் வெட்டப்பட்டவை, பின்னால் கெட்டிக் கல்தான். ஆனால் பல்லவச் சிற்பி கூடு என்னும் வளைவுச் சாளரத்தில் ஒரு முகத்தை மட்டும் செதுக்கி வெளியே பார்க்க வைத்தான். அந்த ஒரு முகம் போதும், பின்னால் அறையும் அறைக்குள் ஆளும் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். ரயில் மாடல்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கட்டடத்துக்குள் மேசை நாற்காலி செய்யாமல், சாளரத்துக்குச் சற்றுப் பின்னால் அச்சிட்ட படமொன்றையோ திரைச்சீலையையோ வைத்துவிடுவார்கள். விளக்குப் போடும்போது மட்டும் கணக்கு மாறும். ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த ‘மினியட்டூர் வுண்டர்லாண்ட்’ என்ற மாபெரும் 1/87 உலகத்தில் கால்மணி நேரத்துக்கொருமுறை இரவு வருகிறது. இரவில் சாளரங்கள் ஒளிர்ந்தால் வெற்றுக் கூடு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது அறைக்கு வேலை வந்துவிடுகிறது. முதல் உலகப் போர் விமானங்களில் மெழுகுபூசியது போன்ற லினன் துணியின் ஊடாக வெயில் பாயும்போது உள்ளிருக்கும் விலாக்களின் நிழல் வெளியே விழுவதும் இதே வகை. அதைக்கூடத் தேர்ந்த கைகள் விலா செய்யாமல் வெளியிலிருந்து வர்ணத்தாலேயே காட்டிவிடுகின்றன.

வருங்கால ஆய்வாளர் என்ற பெயரில் ஒரு மறுப்பும் வரும். பழைய நேவி போர்டு மாடல்களுக்குள் மருத்துவர் பயன்படுத்தும் எண்டோஸ்கோப் குழாயை விட்டுப் பார்த்ததில், வெளியிலிருந்து தெரியாத அறை வேலைப்பாடுகள் தெரியவந்து, கப்பல் வரலாற்றுக்கு உதவின. நாம் இன்று மறைத்து வைப்பதும் நாளை அப்படி உதவாதா? உதவாது என்றே நினைக்கிறேன். அந்தக் கைவினைஞர்கள் தம் காலத்துக் கப்பலைச் செய்தவர்கள். அவர்கள் செய்த அறை ஒரு சாட்சியம். இன்று ஸ்பிட்ஃபயரின் உட்புறம் செய்கிறவர் புத்தகத்திலிருந்தும் நிறுவனம் விற்ற தகட்டிலிருந்தும் செய்கிறார். மாடலை உடைத்துப் பார்ப்பவருக்குப் புத்தகத்தின் நகல்தான் கிடைக்கும். தான் வேலை பார்த்த எஞ்சின் அறையை, தான் ஓட்டிய லாரியின் கேபினை நினைவிலிருந்து செய்கிறவர் விதிவிலக்கு. அவர் செய்வது ஆவணம். மூடினாலும் குற்றமில்லை, திறந்து வைத்தால் இன்னும் நல்லது.

அரசி மேரியின் பொம்மை வீட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கு எதிராகக் காட்டப்படும் பெரிய உதாரணம். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்த அந்த 1/12 மாளிகையில் மின்தூக்கி ஓடுகிறது, குழாயில் நீர் வருகிறது, கழிப்பறையில் தண்ணீர் பாய்கிறது. நிலவறைப் புட்டிகளில் உண்மையான மது. நூலகத்தில் ஆர்தர் கோனன் டாயில் உள்ளிட்ட எழுத்தாளர்கள் அதற்கென்றே எழுதிய விரலளவுப் புத்தகங்கள், பெரும்பாலும் யாராலும் புரட்டப்படாமல். அத்தனையும் வீண் ஆடம்பரம் என்று எனக்கும் சில சமயம் தோன்றும். ஆனால் அந்த வீட்டின் காரியம் ஒரு மாளிகையின் தோற்றத்தைக் காட்டுவது இல்லை. பிரிட்டனின் அன்றைய கைத்தொழில்களில் சிறந்தவற்றின் மாதிரியைத் திரட்டி அரசிக்குக் கொடுப்பதே அதன் காரியம். மது மதுவாக இருந்தால்தான் அது மாதிரி. அதோடு லட்யன்ஸ் வெளிச்சுவர் முழுவதையும் மேலே தூக்கிவிடும் பொறியமைப்பு ஒன்றைப் பொருத்தினார். உள்ளே அத்தனை வேலை செய்தவர் சுவர் திறக்க வழி வைக்காமல் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே உடலின் இரண்டு பாதிகளையும் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. உட்புறம் உங்களை ஈர்க்கிறதென்றால் ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள், தகட்டை வெட்டிவிடுங்கள், ஒளி உள்ளே போகட்டும். மூடத்தான் போகிறீர்கள் என்றால், ரேடியோ பெட்டியின் பின்பக்கக் கம்பிகளுக்கு ஒதுக்கிய வாரத்தை இறக்கையின் பின்விளிம்புக்குக் கொடுங்கள். பெரும்பாலான மாடல்களில் அது இன்னும் அளவுக்கு மீறித் தடிப்பாகத்தான் இருக்கிறது, அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.